பின்வரிசையில் அப்பா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இத்தனை மாதமும் இந்த வரியை வழக்கத்துக்காக எழுதினேன். இன்று மனசார எழுதுகிறேன்.

நேற்று மாலை உன் அப்பா மேடையேறிப் பாடினார். ஆமாம், உன் அப்பாதான்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரே சொல் என்று உனக்குத் தெரியும். முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு வேறென்ன மிஞ்சும்? ‘பிரேக்’. காப்பி வேண்டுமென்றாலும் பிரேக், என்மேல் கோபமென்றாலும் பிரேக். ஒருநாள் பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போயிருந்தேன். காத்திருந்த நேரத்தில் ரேடியோவில் வந்த பாட்டோடு சேர்ந்து பாடினாரே பார்க்கலாம், ஒரு சொல் பிசகவில்லை. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, “சில பேருக்கு அப்படித்தாங்க, பேச்சு போனாலும் பாட்டு போகாது. செவ்வாய்க்கிழமை எங்க பாட்டுக் குழுவுக்கு அனுப்பிவைங்க” என்றார்.

நூலக மாடியில் ஒத்திகை. முதல் மாதம் வாசலோரமே உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லப் பின்வரிசைக்குப் போனார். ஒருபக்கம் மருந்துக்கடைக்காரர், மறுபக்கம் பள்ளி வேன் ஓட்டும் பெண்.

நேற்று கச்சேரிக்கு நூலகக் கீழ்க்கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. முதலில் நான்கு குரலில் துதிப்பாட்டு. அடுத்து ஜாஸ், வேன்காரப் பெண் தோளைக் குலுக்கிய வேகத்தில் முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ஆடிவிட்டார்கள். தாலாட்டு வந்ததும் கூட்டமே அடங்கியது. கடைசியில் படகுப் பாட்டு. ஆளுக்கொரு வரி தனியாக, மற்றவர்கள் பின்பாட்டு. அப்பாவுக்கும் ஒரு வரி கொடுத்திருந்தார்கள். அவர் முறை நெருங்க நெருங்க நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன்.

வாயைத் திறந்தார் பார். காரின் இடது இருக்கையிலிருந்து தெருவே கேட்கக் கத்துவாரே, அந்தக் குரல். வரி முடிந்தது, அவர் நிறுத்தவில்லை. மருந்துக்கடைக்காரரின் வரியையும் பாடினார், அதற்கடுத்ததையும் பாடினார். முன்னே நின்று பாட்டை நடத்திய டாக்டரம்மா தடுக்காமல் கையை இன்னும் உயர்த்தினார். கைதட்டல் ஓய வெகுநேரமானது. கீழே இறங்கியதும் மருந்துக்கடைக்காரர், “என் வரியை ஏன்யா பிடுங்குனீங்க?” என்று கேட்டார். அப்பா “பிரேக்” என்றார். “அதைத்தான் போட மறந்துட்டீங்களே” என்று அவர் சொல்ல, அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போனில் அழைக்கும்போதெல்லாம் அவர் எழுந்து உள்ளே போவது பழைய கோபத்தால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருடைய கார் பயிற்சிப் பள்ளியை நீ ஏற்று நடத்தாமல் போனதை அவர் எப்போதோ மறந்துவிட்டார். உன்னிடம் அந்த ஒற்றைச் சொல்தான் வரும் என்ற வெட்கம், அவ்வளவுதான்.

இன்று காலை முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து எதையோ திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். கதவோரம் நின்று கேட்டேன். உன் செல்லப்பெயர். அதன் பின்னால் “சாப்ட்டியா, சாப்ட்டியா”. என்ன மெட்டு என்று பிடிபடவில்லை, அவரே போட்டதாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, கண்ணா. சிரிப்பு வந்தால் சிரி. அவர் பாடி முடிக்கும்வரை மட்டும் போனை வைத்துவிடாதே.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அம்மா