சுவரில் ஒட்டிய தாள்

ஜெலாப்பாங், ஈப்போ
9.2.1986

அன்புள்ள பெர்னார்ட் அண்ணனுக்கு,

ஐவி எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அண்ணிக்குச் சளி விட்டதா? போன மாதம் எழுதிய கடிதத்துக்கு ஒரு வரி பதில் இல்லை. கம்ப்யூட்டர் பள்ளியில் வாத்தியார் ஆனதும் தங்கச்சி மறந்துபோனாள் போல.

இப்போது உங்கள் யோசனை வேண்டும். எங்கள் கையுறைத் தொழிற்சாலை ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்த விவரம் முழுக்க அட்டையிலிருந்து அதற்கு மாற வேண்டும். உட்காரப்போகிறவள் நீதானே, நீயே பார்த்துச் சொல் என்று மானேஜர் என்னைக் கடைக்கு அனுப்பினார்.

இரண்டு வகை இருந்தது. ஒன்று வெறும் கறுப்புத் திரை. நாம் கட்டளை அடித்தால்தான் அசைகிறது. இன்னொன்றில் எல்லாம் படம். மவுஸ் என்று கைக்குள் அடங்கும் பெட்டி, அதை நகர்த்தி அமுக்கினால் போதும். பத்து நிமிடத்தில் ஒரு கடிதமே அடித்துவிட்டேன். வேண்டாம் என்று குப்பைத்தொட்டிப் படத்தில் போட்டதைக்கூடத் திரும்ப எடுக்க முடிகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனாலும் நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அன்புத் தங்கை
ஐவி

பினாங்கு
17.2.1986

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது பிள்ளைகள் விளையாடுகிற சாமான் ஐவி. படம் பார்த்துப் பெட்டியை உருட்டுவதற்கா சம்பளம்? பெர்னார்ட் வாத்தியார் தங்கச்சி பொம்மை வாங்கினாள் என்று நாளை என் காதிலேயே விழும்.

கறுப்புத் திரையையே வாங்கச் சொல். கட்டளைகளை வரிசையாக எழுதி அனுப்புகிறேன், சுவரில் ஒட்டிக்கொள். அதில் இருப்பதை அப்படியே அடி, நீயாக மூளையைப் போட்டுக் குழப்பாதே.

அண்ணன்
பெர்னார்ட்

ஜெலாப்பாங்
3.9.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னதைத்தான் வாங்கினோம். ஒரு புள்ளி பிசகினால் தப்பு தப்பு என்று சொல்லுமே தவிர, எது தப்பு என்று சொல்லாது. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஏற்றினேன். பழைய அட்டைகளை மானேஜர் எரிக்கச் சொல்லிவிட்டார்.

நேற்று எல்லாம் போய்விட்டது அண்ணே. பிரதி எடுக்க வேண்டும் என்று புது டிஸ்க் ஒன்றைத் தயார் செய்யப் போனேன். உங்கள் தாளில் ஆறாவது வரி. நீங்கள் எழுதிய சொல்லை அப்படியே அடித்தேன். புது டிஸ்கைப் போட்டு ஏதாவது ஓர் எழுத்துக் கட்டையை அமுக்கு என்று அதுவே சொன்னது. போட்டேன், அமுக்கினேன். அது புது டிஸ்கை விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்குள் நான் ஏற்றி வைத்திருந்ததை முழுக்கத் துடைத்துவிட்டது. எந்த டிஸ்க் என்று காட்ட, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் எழுத்து வேண்டுமாம். கடைக்காரர் வந்து பார்த்துச் சொன்னார். தாளில் அந்த எழுத்து இல்லை.

இந்த மாதம் ஆள் குறைப்பு. கடைசியாகச் சேர்ந்தவர்களைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். யார் முந்தி, யார் பிந்தி என்பதற்கு இப்போது ஓர் அத்தாட்சியும் இல்லை. நல்லம்மாள் அக்கா என் மேசைக்கு வந்து, "என் பதினோரு வருசம் எங்கம்மா போச்சி?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை என்னை விசாரிக்கிறார்கள். வேலை போகலாம். தாள் நான் எழுதியது, பிழை என்னுடையது என்று நீங்கள் மானேஜருக்கு நாலு வரி எழுதினால் போதும், நான் தப்பித்துவிடுவேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பெர்னார்ட் எழுதுவான் என்று அவர் நிம்மதியாக இருக்கிறார்.

ஐவி

பினாங்கு
5.9.1986

அன்புத் தங்கைக்கு,

அந்த எழுத்தைப் போட வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். உனக்கும் தெரியும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் என்னை இங்கே தலைமை ஆசிரியராக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் நான் எழுதிக் கொடுத்தால் என் கதி என்ன, நீயே யோசி. தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. கை தவறிவிட்டது என்று சொல். பொம்பளைப் பிள்ளையை மன்னித்துவிடுவார்கள்.

திருத்திய தாள் இத்துடன் இருக்கிறது.

பெர்னார்ட்

ஜெலாப்பாங்
10.9.1986

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை, கை தவறிவிட்டது என்று சொன்னேன். மன்னிக்கவில்லை. ஆபீசிலிருந்து எடுத்து, கையுறை அடுக்குகிற பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். நல்லம்மாள் அக்காவை நிறுத்திவிட்டார்கள். போகும்போது அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை தபால்காரர் போனதும் அப்பா பாயை விரித்து உட்கார்ந்து, "பெர்னார்ட் எழுதிட்டானா? படிம்மா" என்றார். அவருக்குத்தான் எழுத்து தெரியாதே. உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். "தப்பு என்னுடையது, தங்கச்சி. உன் மானேஜருக்கு இன்றைக்கே எழுதிவிட்டேன்" என்று படித்தேன்.

அப்பா, "எம்மவன்லா" என்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். நான் இன்னும் ஆபீசில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி நீங்கள் இந்த வீட்டுக்கு எழுத வேண்டாம். மாதம் ஒரு கடிதம் உங்கள் பெயரில் நானே அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

ஐவி