திருப்தி இல்லை என்று எழுதினோம்

ஜூன் 7, திங்கள்
விடாத தூறல். டிஸ்பென்சரிக் கூரை மறுபடியும் ஒழுகல். மருந்து அலமாரியை நகர்த்த வேண்டும்.

சிவனு அண்ணன் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் களைப் புல்லைக் கொல்ல மருந்தடிப்பவர். இரண்டு கையிலும் தோல் வெடித்து நீர் வடிகிறது. இது மூன்றாம் தடவை. கண்டி தோல் டாக்டருக்கு அனுப்பப் படம் எடுத்தேன். ஆறில் மூன்று மங்கல். தொழில்: மருந்தடிப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதி ஆபீசில் கொடுத்தேன். கம்ப்யூட்டர் அங்கேதான்.

ஜூன் 10, வியாழன்
பதில் வந்தது. அதே களிம்பு, இரண்டு வாரம். கூடவே ஒரு தாள்: படம் பார்த்துச் செய்யும் வைத்தியம் திருப்தியா? நோயாளியின் பகுதி காலி. டாக்டர் தன் பகுதியை நிரப்பியிருக்கிறார்: "திருப்தி இல்லை. நோயாளியின் தொழில் எழுதப்படவில்லை."

எழுதினேனே! ஆபீசுக்கு ஓடினேன்.

கிளாக்கர் ஐயா நிமிரவே இல்லை. "அந்த வரிய எடுக்கச் சொன்னது மேனேஜர் தொரை. நீங்க திருப்தின்னு போட்டுக் குடுங்க மிஸ்."

ஜூன் 11, வெள்ளி
தாளை சிவனு அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். வரியை எடுத்ததையும் சொன்னேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்த டாக்டரு பாத்தது என் கைய இல்ல மிஸ். யாரோ ஒருத்தன் கைய. திருப்தி இல்லன்னு போடுங்க."

"வேலைக்கு ஏதும் வந்தா?"

"கை போனா மட்டும் வேல இருக்குமா?"

போட்டேன். காரணமும் எழுதினேன். அவர் கையெழுத்து, கீழே என்னுடையது. ஆபீசில் கொடுக்கவில்லை. அக்கரப்பத்தனை டவுனுக்கு நடந்து போய் நானே தபாலில் போட்டேன். செருப்பு அறுந்தது. போகட்டும்.

ஜூன் 22, செவ்வாய்
டாக்டரின் கடிதம். மருந்தடிக்கும் வேலையை உடனே நிறுத்த வேண்டும். நேரில் பார்க்க வேண்டும், கண்டிக்கு அனுப்பவும்.

மத்தியானம் துரை கூப்பிட்டார். "யாரைக் கேட்டு தபால் போட்டீங்க?"

"நோயாளியக் கேட்டு, சார்."

கடிதத்தைக் கேட்டார். நகல்தான் கொடுத்தேன்.

ஜூன் 23, புதன்
காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் சிவனு அண்ணன் மருந்து டாங்கியைத் தொடவில்லையாம். கடிதத்தைக் காட்டினாராம். வடிகால் கான் வெட்ட அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கண்டிக்குப் போகிறார்.

எனக்கு விளக்கம் கேட்டு ஆபீசிலிருந்து கடிதம். பதில் எழுத உட்கார்ந்தால் வாசலில் மூன்று பேர். மருந்தடிக்கிறவர்கள்.

"எங்க கையையும் படம் புடிங்க மிஸ்."

உள்ளே வெளிச்சம் போதாது. முற்றத்துக்கு வரச் சொன்னேன். ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் எதிரே.