பூட்டு போட்ட அடிகுழாய்

நேற்று நம் கல்லூரி ஆட்சிக்குழு, நீண்ட விவாதத்துக்குப் பின், தலைமுறைகள் நினைவில் வைக்கத்தக்க ஒரு முடிவை எடுத்தது. புதிதாகத் தொடங்கும் ‘கிராமத் தொழில்நுட்ப மைய’த்தின் பெயர்ப்பலகை நீலமாக இராது, பச்சையாக இருக்கும். நான் நீலத்துக்கு வாக்களித்துத் தோற்றேன். இன்று காலை பெயின்டர் வந்து அடித்துவிட்டுப் போனார். தாழ்வாரம் முழுக்க ஈரப் பெயின்ட் வாசனை. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. போன தையில் நீ போய்ச் சேர்ந்துவிட்டதால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் இங்கே பாடம் நடத்திய தொண்ணூற்றொன்றில் கடைசி ஆண்டு பிராஜெக்ட் என்றால் தெர்மோகோலில் செய்த அணைக்கட்டு. நீலக் காகிதம்தான் தண்ணீர். தேர்வாளர் வருவார், பார்ப்பார், பிரியாணி சாப்பிடுவார், மதிப்பெண் போடுவார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, உன்னைத் தவிர. நான்கு மாணவர்களோடு இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவுக்குப் போனாய். அங்கே பெண்கள் குடத்தோடு லாரிகளுக்கு நடுவே சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்க வயல் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். இந்தப் பக்கமே தண்ணீர் தர முடியுமா என்பதுதான் நீ அவர்களுக்குக் கொடுத்த கணக்கு.

மாணவர்கள் மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வரைந்துகொண்டு வந்தார்கள். நீ திருப்பிக் கொடுத்தாய். “மோட்டார் எரிஞ்சா காயில் கட்ட பூந்தமல்லிக்குத் தூக்கினு போவாங்களாடா? கெட்டுப்போனா அந்தத் தெருவுலயே சரியாவணும். அப்படி வரைஞ்சினு வா.”

கடைசியில் ஓர் அடிகுழாய் வந்தது. உள்ளே இருக்கும் வாஷர் தோலில். தெருமுனையில் செருப்பு தைப்பவரே வெட்டிப் போட்டுவிடலாம். சிந்தும் தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போகும். கைப்பிடியின் உயரத்தை எதிர்வீட்டு சரோஜா தீர்மானித்தாள். “இன்னாபா, நான் இன்னா ஆறடி ஆளா? எறக்கு.” இறக்கினார்கள். தண்ணீர் வந்த அன்று நால்வரும் சட்டையோடு நனைந்தபடி கல்லூரிக்குத் திரும்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு கல்லூரி முதல்வர் பார்வையிட வந்தார். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆபத்து அங்கேதான் தொடங்கியது. தேர்வாளர் பார்க்க வேண்டிய எதையும் அவர் வரும்வரை பூட்டி வைப்பது நம் கல்லூரி வழக்கம். ஆய்வகத்தின் நல்ல கருவிகளெல்லாம் அப்படித்தான் புதிதாகவே இருந்து கிழடு தட்டின. குழாய்க்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, பாலித்தீன் சுற்றி, கைப்பிடியில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

“தோல் ஈரத்துலதான் சார் வேலை செய்யும். சும்மா விட்டா காஞ்சி சுருங்கிடும்” என்றாய்.

“அப்போ சுருங்காத தோலா பார்த்துப் போடுங்க” என்றார் முதல்வர்.

சரோஜா சங்கிலியைத் தூக்கிப் பார்த்தாள். “இன்னா சார், கொழாய்க்குத் தாலி கட்டிட்டீங்க? மாப்ள எப்ப வர்றாரு?”

மாப்பிள்ளை பல வாரம் தள்ளி, வெயில் உச்சத்தில் வந்தார். முதல்வர் தம் கையாலேயே பூட்டைத் திறந்தார். தேர்வாளர் கைப்பிடியை அடித்தார். குழாய் இருமியது. மறுபடி அடித்தார். காற்று வந்தது.

“ஒரு கொடம் தண்ணி ஊத்தி ஊறவிட்டா ஏறிடும் சார். கொஞ்ச நேரம் குடுங்க” என்றாய்.

“தண்ணி வர்றதுக்கே தண்ணி ஊத்தணுமா? இதுக்கா ஒரு பிராஜெக்ட்?” என்றார் அவர். சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டிருந்தது. நான்கு பேரையும் தோல்வி என்று எழுதினார்.

கார் போனபின் நீ தண்ணீர் ஊற்றி, அங்கேயே உட்கார்ந்து காத்திருந்து அடித்தாய். வந்தது. சரோஜா குடத்தை வைத்து நிரப்பிக்கொண்டாள். அதற்கு மதிப்பெண் இல்லை. “பூட்டி வெச்சா கெட்டுப்போறதுதான்யா நல்ல டிசைன், இவங்களுக்குப் புரியலை” என்று என்னிடம் சொன்னாய். அந்த வருடமே வேலையை விட்டாய். நால்வரில் யாரும் திரும்பப் பரீட்சை எழுதவில்லை.

இன்று ஒரகடம் கம்பெனி பஸ்கள் போகும் வேகத்தில் அந்தத் தெரு எது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மையத்துக்கு என்னைத்தான் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற இருப்பவனுக்கு இதைவிடத் தீங்கற்ற வேலை கிடையாதாம். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில், பூட்டி வைத்தால் கெட்டுப்போவதுதான் நல்ல டிசைன் என்ற அந்த வாக்கியத்தை உன் பெயரோடு சொல்கிறேன். பிள்ளைகள் சிரித்துவிட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். யாராவது ஒருவர் கேட்பார், “அந்தக் கொழாய் இன்னா சார் ஆச்சு?”

நடந்ததைச் சொல்கிறேன். தோற்ற திட்டம் கல்லூரியின் பெயரில் வெளியே நிற்கக் கூடாது என்று அந்த வாரமே கழற்றி எடுத்துப் போனார்கள். பெண்கள் மறுபடி சாலையைத் தாண்டிப் போனார்கள். அடுத்த கோடையில், தண்ணீர்க் குடத்தோடு திரும்பும்போது, சரோஜாவை லாரி அடித்தது.