எலுமிச்சம்பழம் நசியாத சில்லு

இஞ்சருங்கோ,

பத்தரை ரயிலில் உங்கடை அக்கா வந்து இறங்குவா. முழங்கால் நோவோடு இருக்கிற மனிசியைப் பனியில் நடக்க விடாதேங்கோ. கார்த் திறப்பு அரிசி வாளிக்கு மேல் இருக்கு.

நேற்று நீங்கள் புது ரயர் பூட்டிப்போட்டுக் கார்ச் சில்லுக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழம் நசியவே இல்லை. சில்லுதான் பனியில் நின்ற இடத்திலேயே சுற்றியது. உங்கடை அகல ரயர் பார்க்க வடிவுதான், ஆனால் அது கோடைக்கு. குளிரில் விறைத்துப்போய் வழுக்கும். "பொம்பிளைக்கு ரயரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டீங்கள். கல் உடைத்து வளர்ந்தவளுக்கு எது பிடிக்கும், எது வழுக்கும் என்று தெரியும். விடிய எழும்பி நானே மாற்றிவிட்டன். ஒடுங்கின பனிக்கால ரயர் பனியை அமத்திக்கொண்டு இறங்கும். அதில் இருக்கிற சின்னச் சின்ன வெட்டுகள் கடித்துப் பிடிக்கும்.

எலுமிச்சம்பழத்தைக் கழுவிச் சொதிக்குப் பிழிந்துவிட்டன். சோறு மூன்று பேருக்கு இருக்கு.

தவமலர்

பி.கு.: ஐம்பது கிலோமீற்றர் ஓடினதும் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கோ. கோபம் இன்னும் இருக்கு. ஆனால் நீங்கள் முழுசாக வீட்டுக்கு வந்து சேர வேணும்.

இன்னொன்று: யன்னலடியில் பனிக்கால ரயருக்கு மேலே இருந்த கறிவேப்பிலைச் சட்டி இப்போ உங்கடை அகல ரயருக்கு மேலே இருக்கு. அசையாமல் நிற்கிற வேலைக்கு அது திறம்.