முஞேக்காவும் சின்ன நாற்காலியும்

என் செல்லப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே எல்லாம் நலம். முட்டிவலி மட்டும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிறது.

அதுதான் போனில் பார்க்கிறோமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் உன் மகள் வாயாடி என்னை எங்கே பேச விடுகிறாள்? அவள் பேசாமல் இருந்த அந்த ஒரு வாரம் எனக்கு வீடு வீடாகவே இல்லை.

அன்று நீ போனை அவளிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாய். அவளுக்கு ஸ்பானிஷ்தான் வரும், எனக்கு அது வராது. பொம்மையைத் தூக்கிக் காட்டி 'முஞேக்கா' என்றாள். நானும் சொன்னேன். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதற்கும் 'முஞேக்கா' என்றாள். கிழவியை ஏய்க்கிறாள் என்று நினைத்து, "போடி போக்கிரி, கையைப் போயி பொம்மைங்கிறியே" என்று அதட்டிவிட்டேன். என் பேச்சு புரியாவிட்டாலும் அதட்டல் புரிந்துவிட்டது. பொலபொலவென்று அழுதாள். "பாட்டி, அவ சரியாத்தான் சொல்றா, ரெண்டுக்கும் ஒரே பேர்தான்" என்று நீ ஓடிவந்து சொன்னாய். சொல்லி என்ன பயன்? போன் பக்கமே வரமாட்டேன் என்று கட்டிலடியில் போய் ஒளிந்துகொண்டாளே.

உன் தாத்தா உனக்குச் செய்த சின்ன நாற்காலிக்குப் பாலிஷ் போட எடுத்து வைத்திருந்தேன். பாலிஷைத் தொட்டுத் தேய்க்கப் பஞ்சை வைத்துப் பழந்துணி சுற்றிப் பந்து கட்டும்போதுதான் உன் நினைவு வந்தது. பட்டறையில் அந்தப் பந்தைத் திருடி, பென்சிலால் கண் வரைந்து, ஸ்பிரிட் நாற்றத்தோடு கட்டிப்பிடித்துத் தூங்குவாய். தாத்தா பட்டறை முழுக்கத் தேடிவிட்டு, "பாப்பா என் கையையே தூக்கிட்டுப் போயிட்டாடி" என்பார். உன்னை எழுப்பவும் மனது வராது. புதுப்பந்து கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

நானும் கண் வரைந்தேன். பாதிப் பாலிஷில் உன் போன் வந்தது. பந்தைத் தூக்கிக் காட்டினேன். மாப்பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். அங்கே பாலிஷ் போடுகிறவர்கள் அந்தப் பந்தையும் முஞேக்கா என்றுதான் சொல்வார்களாம். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து முதலில் இரண்டு கண், பிறகு ஒரு மூக்கு. மெல்லத் தன் மணிக்கட்டை நீட்டினாள். நான் பந்தை நாற்காலி மேல் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முஞேக்கா, முஞேக்கா என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் ஸ்பானிஷ் பேசுகிறேன் என்று தெருவில் ஒருவரிடமும் சொல்லாமல் விடவில்லை.

ஆனால் பாலிஷ் துணியை மரத்தில் நிற்கவிடக் கூடாது, நின்றால் தழும்பு விழும் என்று தாத்தா தலைப்பாடாக அடித்துக்கொள்வார். நின்றுவிட்டது. நாற்காலியின் நடுவில் பந்தளவுக்கு ஒரு தழும்பு. தேய்த்தால் போய்விடும். நான் தேய்க்கவில்லை.

மேல்பூச்சு இன்னும் பாக்கி. என் மணிக்கட்டு முன்போல் சுழலவில்லை. நீ சின்ன வயதில் தாத்தாவின் கைமேல் கை வைத்துச் சுற்றுவாயே, அதுபோல வாயாடி என் கைமேல் வைக்கட்டும். இந்த வருடம் ஊருக்கு வர முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறாய். பாரம்மா, வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சின்ன நாற்காலி. அவளோ வளர்ந்துகொண்டே இருக்கிறாள்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். துணிப்பந்து காய்ந்துபோகாமல் டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
பாட்டி