பத்துக்கு இரண்டு

இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் மைக்கில் பேச வேண்டும். நீ நம்ப மாட்டாய். காலையிலிருந்து நாலு தாளைக் கிழித்தாயிற்று. ஐந்தாவது தாளுக்கு அடியில் வைத்து எழுத ஏதாவது அட்டை கிடைக்குமா என்று பீரோவுக்குப் பின்னால் கையை விட்டேன். வந்தது அந்த அட்டை விசிறி. முன்பக்கம் கைகூப்பி நிற்கும் தலைவர், பின்பக்கம் உன் கையெழுத்தில் மார்க்.

திருநெல்வேலியிலிருந்து வந்த நம் ஜனங்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பில் எந்தக் கட்சிக் கூட்டமானாலும் நாம் இரண்டு பேரும் இரண்டாவது வரிசையில் இருப்போம். கையில் கொடுக்கும் விசிறியைத் திருப்பி, பேசுகிறவர்களுக்கெல்லாம் மார்க் போடுவோம். குரலுக்கு மூன்று, நிற்கிற நிலைக்கு மூன்று, நம் முகத்தைப் பார்த்துப் பேசினால் நான்கு. தாளைப் பார்த்து வாசித்தால் அந்த நான்கும் போச்சு. சட்டம் எல்லாம் நீ வைத்ததுதான். சுற்றி இருந்த பெண்கள் மேடையைப் பார்த்ததைவிட நம் விசிறியை எட்டிப் பார்த்ததுதான் அதிகம்.

நம் வீடுகளை இடித்து, நமக்கே வீடு தரும் கட்டடம் கட்டுவதற்குச் சம்மதம் கேட்ட கூட்டத்தில் இந்த விசிறியைத்தான் கொடுத்தார்கள். இதில் இருக்கிற தலைவர்தான் முதலில் பேசினார். கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நம் திருநெல்வேலிப் பேச்சிலேயே பேசினார்.

"ஏட்டி, எப்படி நிக்காரு பாரு. தலைவருன்னா இப்படில்லா நிக்கணும்" என்றாய். ஒன்பது போட்டாய்.

அடுத்து ஏறியவர் நம் சந்தில் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த பாய். சம்மத ஃபாரத்தை முழுசாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை, குரலும் நடுங்கியது. மைக் கீச்சென்று கத்தியதும் அதைப் பார்த்துப் பயந்து ஓரடி பின்னால் போனார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீ விசிறியில் இரண்டு என்று எழுதி உயர்த்திக் காட்டினாய். வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் பாதித் தாளை வாசிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நாமெல்லாம் கையெழுத்துப் போட்டோம்.

வீடுகள் இடிபட்டு ஆண்டாப் ஹில்லில் இந்தத் தற்காலிக ரூமுக்கு வந்து மூன்று மழைக்காலம் போன பிறகு, நீ ஒருநாள் அந்த பாயைத் தேடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாய். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"அந்தத் தாள்ல மிச்சம் என்ன இருந்துச்சு தெரியுமாட்டி? புது வீட்டுச் சாவி என்னைக்குத் தருவாவன்னு ஃபாரத்துல ஒரு எடத்துலயும் எழுதலன்னு இருந்துச்சு. அதச் சொல்லத்தான் ஏறிருக்காரு. நாம சிரிச்சிட்டோமே."

அப்புறம் விசிறியை எடுத்து அந்த இரண்டை அடித்தாய். வேறு எண் எதுவும் எழுதவில்லை. நாம் சிரித்ததால் எதைக் கேட்காமல் விட்டோம் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. போன மாசி மாதம் இதே ரூமிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது உறைத்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றைக்கு இங்கே நடக்கிற கூட்டத்துக்கு அந்தத் தலைவர் மறுபடி வருகிறார். இன்றைக்கும் தாளில்லாமல்தான் பேசுவார், நன்றாகவே பேசுவார். நம் ஆட்கள் சார்பில் யார் பேசுவது என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்துவிட்டது. அப்போதிருந்து ரூமுக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். எத்தனை பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன்! நிற்கிற நிலைக்கு மூன்று எனக்குக் கிடைக்காது, தெரியும். தாளைப் பார்த்துத்தான் வாசிப்பேன். இரண்டாவது வரிசையில் நம்மைப்போல ரெண்டு பேர் இல்லாமலா இருப்பார்கள்?

சிரிக்கட்டும். தாளை மட்டும் பாதியில் மடிக்க மாட்டேன். சாவி தரும் தேதியை எழுத்தில் கேட்டிருக்கிறேன். கடைசி வரியில், சாவி வாங்காமலே போனவர்களின் பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் உன்னுடையது. அதை வாசிக்கும்போது மட்டும் தலையைத் தூக்கி அந்தத் தலைவர் முகத்தைப் பார்ப்பேன்.