வேல்ஸ் கோச்சும் வியாழக்கிழமை மேட்சும்

ஜன. 12, திங்கள்

அஜ்மானில் ஒரே பனிமூட்டம். பஸ் லேட். ஃபுட்பால் கிளப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போனது. மெஷினில் நேற்றைய ஜெர்சியெல்லாம் ஈரத்தோடு அப்படியே. நாற்றம். மறுபடி துவைத்தேன்.

கோச் டீ கேட்டு வந்தார். மனுஷரை இங்கிலாந்துக்காரர் என்று சொன்னால் போதும், முகம் சிவந்துவிடும். வேல்ஸ், வேல்ஸ் என்று திருத்துவார். சொந்த நாட்டு டீமில் லெஃப்ட் பேக் ஆடியவர். முட்டி போனதும் கோச் வேலை. ஊர் ஊராக, கிளப் கிளப்பாக. போன இடத்திலெல்லாம் பாதியில் அனுப்பிவிட்டார்களாம், சிரித்துக்கொண்டே சொல்கிறார். இங்கேதான் காலூன்றப் போகிறாராம். மனைவி அங்கே டீச்சர். இந்த வாரமே ராஜினாமா கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுகிறார். பேச்செல்லாம் அதுதான்.

13, செவ்வாய்

வாங்க: சோப்புத் தூள், ஷூ நாடா, வலி மாத்திரை (எனக்கு).

ஆபீஸ் முதீர் கூப்பிட்டார், மேனேஜரை இங்கே அப்படித்தான் சொல்வது. வியாழன் மேட்ச் தோற்றால் கோச் கலாஸ், வேலை போச்சு. புது ஆளிடம் பேசியாகிவிட்டதாம். அந்தப் புது ஆள் பெயரின் முதலெழுத்துகளை ஜாக்கெட்டில் ஒட்டித் தயாராக வை, வெளியே மூச்சு விடாதே என்றார். என் விசா ரினிவல் வருகிறது என்பதையும் சும்மா ஞாபகப்படுத்தினார்.

தோற்காமல் எங்கே போவது? தொடர்ந்து தோல்விதான்.

ரூமில் கூட இருக்கும் சலீம் பாயிடம் சொன்னேன். கீழக்கரைக்காரர், துபாய் சத்வாவில் தையல் கடை.

"ஒனக்கு எதுக்குப்பா இந்த வேல? அவரு எங்க போனாலும் பொழச்சுக்குவாரு. நீ ஒன் விசாவப் பாரு."

வாஸ்தவம். ஆனால் அந்தம்மா வேலையை விட்டுவிட்டால்?

14, புதன்

சொல்லிவிட்டேன்.

கோச் சாக்ஸ் எடுக்க வந்தார். கதவைச் சாத்தினேன். "சார், மேடம் ஜாப் நோ லீவ். வெயிட்." அவ்வளவுதான் என் இங்கிலீஷ். ஹேங்கரில் வேறு ஆள் எழுத்து ஒட்டியிருந்த புது ஜாக்கெட்டைப் பார்த்தார். தோளைத் தட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கிரவுண்டுப் பக்கம் போனார்.

முதீர் காதுக்குப் போனால் நான் காலி. பயமாகத்தான் இருக்கிறது.

15, வியாழன்

3-0. ஜெயித்துவிட்டார்கள்! யார் எதிர்பார்த்தது? முதீர் கோச்சைக் கட்டிப்பிடித்துப் போட்டோ. பிறகு என்னிடம் வந்து, அந்த எழுத்தையெல்லாம் பிய்த்துவிடு, ஜல்தி, என்றார். சீசன் முடியும்வரை இவரேதானாம்.

சந்தோஷப்பட வேண்டும். அசதி. இரண்டு மூட்டை அழுக்குத் துணி.

19, திங்கள்

தலைவலி. மத்தியானம் கோச் பார்சலோடு ஜெர்சி ரூமுக்கு வந்தார். தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லையாம். மேடம் வரவில்லை. இன்னொரு மேட்ச் தோற்றால் என்ன நிச்சயம், வேலையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். உன் மேல் தப்பில்லை என்றார். நான் கேட்கவே இல்லை.

உன் மனைவி எங்கே என்றார். அறந்தாங்கியில் என்றேன். தனியாக இருந்து பழக எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார்.

கொஞ்ச நாள்தான் சார், சரியாகிவிடும் என்றேன். பொய். பதினோரு வருஷம் ஆகிறது, எனக்கே இன்னும் பழகவில்லை.